சட்டக் கட்டுரைக்குச் சான்றே உயிர்!

பாட்டெழுதுவோனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. கதை எழுதுவோனிடமும் கேட்பதில்லை. ஆனால், சட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் ஒரு சொற்றொடரை முடிக்குமுன்னரே, 'இதனைச் சொன்னவர் எவர்? எந்நூலில், எப்பக்கத்தில் சொன்னார்?' என்னும் வினா அவன்முன் வந்து நின்றுவிடுகின்றது. சட்டம் என்பது ஒருவர் தம் உள்ளத்தே எண்ணிப் பார்த்து, 'இவ்வாறிருத்தல் நன்று' என்று கூறுவதன்று. அது முன்னரே இயற்றப்பெற்றது, முன்னரே தீர்க்கப்பெற்றது. ஆகலின், அதனை எடுத்துரைப்பவன் எடுத்த இடத்தையும் காட்டியே ஆகல் வேண்டும். வழக்குமன்றத்தில் சான்றில்லாத சொல் எடுபடாததுபோலவே, சட்ட ஆய்விதழில் அடிக்குறிப்பில்லாத கூற்றும் எடுபடாது.

இவ்வுண்மை உள்ளத்தில் பதியாமையாலேயே, சட்டம் பயின்ற இளைஞர் பலர், கட்டுரையைப் படியெடுத்து இதழுக்கு அணியப்படுத்தும் பணியை ஏதோ எழுத்தர் வேலையென எண்ணி இறுதி நாளுக்கு ஒதுக்கிவிடுகின்றனர். கருத்து நன்றாயிருந்தால் போதும். காற்புள்ளியும் அடைப்புக்குறியும் எவ்வாறிருந்தால் என்ன என்பது அவர்தம் எண்ணம். பின்னர்க் கட்டுரை திரும்பி வருகின்றது. ஆசிரியக் குழுவினர் கருத்தைப் படிக்கவே இல்லை என்று இவர்கள் குறைகூறுகின்றனர். கருத்தைப் படிப்பதற்கு முன் அடிக்குறிப்புகளுள் ஐந்தாறைச் சரிபார்ப்பதே அக்குழுவினர் வழக்கமென்பதும், அவ்வைந்தாறனுள் இரண்டு தவறினும் எஞ்சியவற்றின்மேல் அவர்க்கு நம்பிக்கை போய்விடும் என்பதும் இவர்களுக்கு விளங்குவதில்லை.

2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கூட்டரசு முறைமன்றத்தில் நடந்தது இதற்கொரு பெரும்பாடம். அவியாங்கா என்னும் வான்பயண நிறுவனத்தின்மேல் தொடுக்கப்பெற்ற இழப்பீட்டு வழக்கொன்றில், வழக்குத் தொடுத்தவர் பக்கத்து எழுத்துரையில் முன்தீர்ப்புகள் பல எடுத்துக்காட்டப் பெற்றிருந்தன. அவற்றிற்குப் பெயர் இருந்தது. தொகுதி எண் இருந்தது. பக்க எண் இருந்தது. தீர்ப்புரைத்த நடுவர்தம் பெயர்களும் இருந்தன. எதிர்ப்பக்கத்தார் தேடிப் பார்த்தபொழுது, ஆறு வழக்குகள் எங்குமே நடவாதவை என்பது வெளிப்பட்டது! உரையாடும் செயற்கை அறிவுப் பொறி ஒன்று அவற்றைப் புனைந்து தந்திருந்தது. 'இவ்வழக்கு மெய்யானதுதானா?' என்று அப்பொறியையே வழக்குரைஞர் கேட்டிருக்கின்றார். அதுவும் 'ஆம்' என்றிருக்கின்றது. களவுக்குக் கள்வனையே சான்று கேட்டதுபோன்ற கதை! நடுவர் கெவின் காசுடல், அவ்வாண்டு சூன் 22-ஆம் நாள் 5,000 தாலர் தண்டம் இறுக்கச் செய்ததோடு, பொய்த் தீர்ப்புகளில் எவரெவர் பெயர் ஏற்றப்பட்டிருந்ததோ அந்நடுவர்க்கெல்லாம் செய்தியைத் தெரிவித்து மடல் விடுக்கவும் கட்டளையிட்டார்.

அவ்வெழுத்துரையில் வடிவத்திற்குக் குறைவில்லை. இருந்தும் உள்ளே பொருளில்லை. இதனைக் கண்டு, 'பார்த்தீர்களா, வடிவத்தால் ஒரு பயனும் இல்லை' என்று முடிவு கட்டுவோரும் உளர். அம்முடிவு தலைகீழானது. வடிவம் சான்றன்று, சான்றிருக்கும் இடத்திற்குச் செல்லும் வழி அது. வழி தெளிவாகக் காட்டப்பட்டிருந்தமையால்தான் எதிர்ப்பக்கத்தார் அவ்வழியே சென்று, அங்கே வீடே இல்லை என்பதைக் கண்டு திரும்பினர். 'முன்தீர்ப்புகள் பல இதனை உறுதிசெய்கின்றன' என்று மழுப்பலாக எழுதப்பட்டிருந்தால் அப்பொய் நெடுநாள் வாழ்ந்திருக்கும். படிப்பவன் தன்னைச் சரிபார்க்க இசைந்து எழுத்தாளன் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைப்பதே அடிக்குறிப்பு.

வழி என்றவுடன், அதனை எவ்வாறு காட்டுவது என்னும் நுண்மை வந்துவிடுகின்றது. சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்த புகையுருண்டை வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். தம் மருந்தை முறைப்படி பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் கண்டவர்க்கு 100 பவுன் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனத்தின்மேல் கார்லில் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கு அது. அதன் இடக்குறிப்பு [1893] 1 கியூ.பி. 256 என்பதாகும். ஆனால், தீர்ப்புரைக்கப்பெற்றதோ 1892 திசம்பரில்! அங்ஙனமாயின் 1893 எங்கிருந்து வந்தது? அது தீர்ப்பின் ஆண்டன்று. தீர்ப்பு அச்சேறிய தொகுதியின் ஆண்டு. அத்தொகுதிக்கு ஆண்டே பெயர். ஆண்டில்லையேல் நூலகத்தில் அதனை எடுக்கவியலாது. இங்கிலாந்து வழக்கப்படி, இவ்வாறு ஆண்டின்றித் தொகுதியைக் காணவியலாத இடத்தில் சதுர அடைப்பும், தொகுதி எண்ணே போதுமான இடத்தில் வளைவடைப்பும் இடுகின்றனர். 1885-இல் தொடங்கிய இலண்டன் சட்டக் காலாண்டிதழின் நூறாந்தொகுதி 1984-க்குரியது என்பதை விரல்விட்டு எண்ணியே கூறிவிடலாம். ஆண்டு அங்குப் படிப்போர்க்கு ஓர் உதவியே. அதனால் (1984) என வளைவடைப்புள் அது நிற்கின்றது. ஓர் அடைப்புக்குறியின் வளைவு நெளிவுக்குள் இவ்வளவு செய்தி அடங்கியிருக்கின்றது!

இந்தியத் தீர்ப்புத் தொகுதிகளிலோ அவ்வொழுங்கு இல்லை. (1973) 4 எசு.சி.சி. 225 என்னுமிடத்தில் வளைவடைப்பே இடப்பெறுகின்றது. ஆனால், நான்காந்தொகுதி ஆண்டுதோறும் வரக்கூடியது. எனவே ஆண்டின்றி அது கிடைக்காது. ஆங்கில நெறியை இங்கு அப்படியே பொருத்தப் புகுபவர் இடறிவிழுவார். அவ்வத்தொகுதி தனக்கென வகுத்துக்கொண்ட வடிவையே பின்பற்றுதல் நன்று.

மேலே கூறிய 1973-ஆம் ஆண்டுக் குறிப்பு கேசவானந்த பாரதி வழக்கினுடையது. அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றமும் குலைக்கவியலாது என்று நிலைநாட்டிய வழக்கு அது. பதின்மூவர் அமர்ந்து கேட்டனர். எழுவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். தனித்தனித் தீர்ப்புரைகள் மட்டும் பதினொன்று. பக்கங்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. இற்றைக் கட்டுரையாளர் பலர் அடிக்குறிப்பில் வழக்கின் பெயரையும் தொடக்கப் பக்கத்தையும் இட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று மேற்செல்கின்றனர். 'புலி எங்கே?' என்று கேட்டவனுக்குக் காட்டைக் காட்டிவிட்டுப் போவது போன்றது இது! எந்நடுவர், எப்பக்கத்தில், எப்பத்தியில் கூறினார் என்பதைக் காட்டல் வேண்டும். இவ்வழக்கில் அஃது இன்னும் இன்றியமையாதது. தீர்ப்பின் இறுதியில் பெரும்பான்மையர் கருத்தென்று தரப்பட்ட சுருக்கத்தில் பதின்மூவருள் ஒன்பதின்மரே கையெழுத்திட்டனர், நால்வர் இடவில்லை. அச்சுருக்கத்தின் தகுதி பற்றியே அறிஞரிடை நெடுநாள் பூசல் நடந்திருக்கின்றது. நடுவர் கன்னாவின் உரையிலிருந்து எடுத்த கருத்தை மன்றத்தின் கருத்தென்று எழுதுபவர், அறியாமலே ஒரு சட்டச் சிக்கலுக்குத் தீர்ப்பளித்துவிடுகின்றார்.

ஒரே தீர்ப்பு பல தொகுதிகளில் பல பக்கங்களில் அச்சாவதால் வரும் இடர்ப்பாடும் சிறிதன்று. வகுப்புவாரி ஆணையைச் செல்லாதாக்கிய செம்பகம் துரைராசன் வழக்கு, ஒரு தொகுதியில் 226-ஆம் பக்கத்திலும் மற்றொன்றில் 525-ஆம் பக்கத்திலும் தொடங்குகின்றது. கட்டுரையாளரிடம் ஒன்றும் படிப்பவரிடம் மற்றொன்றும் இருப்பின் பக்க எண்ணால் பயனில்லை. இதனை உணர்ந்தே, எவ்வெளியீட்டாளர்க்கும் உரிமையற்ற பொதுவெண் முறையை 2001-இல் இங்கிலாந்து மன்றங்கள் ஏற்றன; தீர்ப்பின் பத்திகளுக்கும் எண்ணிட்டன. இந்திய உச்ச முறைமன்றம் 2023-இல் அந்நெறியைக் கைக்கொண்டு, ஆண்டும் மன்றக் குறியும் வரிசை எண்ணுமாக ஒரே அடையாளத்தைத் தன் தீர்ப்புகளுக்கு வழங்கத் தொடங்கியது. விலைமிக்க தொகுதிகளை வாங்கவியலாத சிற்றூர் வழக்குரைஞனும் பெருநகர்ப் பேராசிரியரும் ஒரே பத்தியைக் காண இது வழிசெய்கின்றது. கட்டுரை அணியப்படுத்துவோர் பொதுவெண்ணை முதற்கண் இட்டுப் பத்தி எண்ணையும் சேர்த்தல் வேண்டும்.

சட்டப் பிரிவுகளை எடுத்தாள்வோர் பெரிதும் தவறுமிடம் ஒன்றுண்டு. சட்டம் ஆற்றுநீர் போன்றது; இன்று கண்ட நீர் நாளை அங்கிராது. அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் உறுப்பிலுள்ள பேச்சுரிமைக் கட்டுப்பாடுகளைப் பற்றி எழுதுவோர், எவ்வாண்டின் வாசகத்தை எழுதுகின்றனர்? 1950-இல் இருந்த வாசகம் வேறு. 1951-இன் முதல் திருத்தம், கட்டுப்பாடு 'தகுந்ததாக' இருத்தல் வேண்டும் என்பதைச் சேர்த்தது. 1963-இன் பதினாறாந்திருத்தம் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் கட்டுப்பாட்டுக்குரிய கரணியங்களாகச் சேர்த்தது. 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை இற்றை வாசகத்தோடு பொருத்திக் காட்டும் கட்டுரை, ஒருவர் தலையை மற்றொருவர் உடலில் ஒட்டியது போலாகும். கொலைக்குரிய ஒறுப்பும் அத்தகையதே. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 302-ஆம் பிரிவாயிருந்தது, 2024 சூலை 1 முதல் புதிய சட்டத்தில் 103-ஆம் பிரிவாயிற்று. (தமிழ்நா எளிதில் ஒலிக்கவியலாத வடமொழிப் பெயரை அச்சட்டத்திற்குச் சூட்டியிருப்பதும் கட்டுரையாளர்க்குக் கூடுதல் சுமையே!) எந்நாளைய சட்டத்தைப் பேசுகின்றோம் என்பதை அடிக்குறிப்பு கூறிவிடல் வேண்டும்.

மேற்கோள் எடுப்பதிலும் அதே ஒழுக்கம் தேவை. இடையே சொற்களை விட்டால் மூன்று புள்ளிகள்; தாம் ஒரு சொல்லைச் சேர்த்தால் அது சதுர அடைப்பினுள்; சில சொற்களைத் தாமே தடித்த எழுத்தாக்கினால் 'அழுத்தம் கட்டுரையாளருடையது' என்னும் குறிப்பு. இவற்றைச் செய்யாதுவிடுவது பிறர் வாய்ச்சொல்லைத் திரிப்பதாகும். 'எனினும்' என்று தொடங்கும் அடுத்த சொற்றொடரை விட்டுவிட்டு மேற்கோளை முடிப்பதும் அவ்வகைத் திரிபே. அதற்கு எவ்வடிவ நூலிலும் குறியில்லை.

வடிவ நூல் என்றவுடன் அமெரிக்கச் சட்ட இதழ்களின் நீலநூல் நினைவுக்கு வரும். ஆர்வர்டு சட்ட இதழ் 1926-இல் அதனை வெளியிட்டபொழுது அது 26 பக்கச் சிறுநூல். 2015-இல் வந்த இருபதாம் பதிப்பில் பக்கங்கள் 560! இவ்வீக்கத்தைக் கண்டு பொறாத நடுவர் இரிச்சர்டு போசுனர், 1986-இலும் மீண்டும் 2011-இலும் அதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தம் உதவியாளர்க்கு அவர் தந்த கையேட்டில் இடக்குறிப்பு நெறிகள் இரண்டு பக்க அளவே. இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. நீலநூல் ஆர்வர்டில் பிறந்தது என்பதே நெடுநாளைய கதை. யேல் பல்கலைக்கழகச் சட்ட நூலகர் இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, 1920-ஐ ஒட்டி யேலில் வந்த சிறு வெளியீடுகளே அதன் ஊற்று என்று காட்டியது. எடுத்த இடத்தைக் காட்டுக என்று உலகுக்கெல்லாம் கற்பித்த நூல், தான் எடுத்த இடத்தைக் காட்டாதிருந்தது!

ஆக்சுபோர்டில் பீட்டர் பிர்க்சு என்னும் பேராசிரியர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய நெறி இதற்கு மாறானது. சுருக்கங்களுக்கிடையே புள்ளிகளைக் களைந்து, வேண்டாதவற்றை விலக்கி, படிப்பவர்க்கு வேண்டியதை மட்டும் அது நிறுத்திக்கொண்டது. இரண்டனுள் சிறியதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், கட்டுரையை எவ்விதழுக்கு விடுக்கின்றனரோ அவ்விதழின் நெறியே அக்கட்டுரைக்கு நெறி. ஒரே கட்டுரையில் பாதி நீலநூல், பாதி ஆக்சுபோர்டு என்றிருப்பது, கட்டுரையாளர் பல இடங்களிலிருந்து ஒட்டி வெட்டியிருக்கின்றார் என்பதையே பறைசாற்றும்.

முன்னர்க் காட்டிய நூலை மீண்டும் சுட்டுவதற்கு ஆங்கிலேயர் இலத்தீனச் சொற்களைக் கடன் வாங்குகின்றனர். தமிழர்க்கோ அக்கடன் வேண்டியதில்லை. ஆவணம் எழுதுவோர் வழிவழியாக ஆண்ட 'மேற்படி' என்னும் சொல்லுண்டு. அதற்கென ௸ என்னும் தனிக்குறியே உண்டு. ஒரே எழுத்தில் இப்பொருளைக் காட்டும் குறியைக் கைவிட்டு, பிறர் சொற்சுருக்கத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுவது என்ன அறிவுடைமை? ஆனால், எச்சொல்லை ஆண்டாலும் ஒரு கண்ணி அதில் உண்டு. 'மேற்படி' என்பது தனக்கு உடனடி மேலுள்ள குறிப்பையே சுட்டும். திருத்தும்பொழுது இடையே புதுக்குறிப்பு ஒன்று நுழைந்துவிட்டால் 'மேற்படி' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். '12-ஆம் குறிப்பிற் காண்க' என்பதும் அவ்வாறே 13-க்கோ 14-க்கோ நகர்ந்துவிடும். கணிப்பொறியில் எண்களைக் கையால் இடாமல் தாமே மாறும்படி இணைத்து வைத்தலும், 'மேற்படி'களை இறுதித் திருத்தம் முடிந்த பின்னரே இடுதலும் இதற்கு மருந்து.

இணையப் பக்கங்களைச் சான்று காட்டுவோர்க்கு 2013-இல் ஆர்வர்டு அறிஞர்கள் கண்டறிந்தது ஓர் எச்சரிக்கை. ஆர்வர்டு சட்ட இதழ் உள்ளிட்ட சில இதழ்களில் காட்டப்பெற்ற இணைய முகவரிகளுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவையும், அமெரிக்க உச்ச முறைமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பெற்றவற்றுள் நூற்றுக்கு ஐம்பதும் முதலில் சுட்டிய செய்தியைத் தராமற் போயிருந்தன. கல்லில் வெட்டியது ஆயிரம் ஆண்டு நிற்க, இணையத்தில் இட்டது பத்தாண்டும் நிற்கவில்லை. பார்த்த நாளைக் குறிப்பதும், அழியாப் படிகளைக் காக்கும் காப்பகம் ஒன்றில் படியெடுத்து அம்முகவரியையும் உடன் தருவதும் கட்டாயம். அச்சுநூல் கிடைக்கும்பொழுது இணையத்தை நாடாமையே மேல்.

எஞ்சியவை விரைந்து கூறத்தக்கன. மதிப்பீட்டாளர் எழுதியவரை அறியாதிருக்க, பெயரும் பணியிடமும் தனித்தாளில் இருத்தல் வேண்டும். 'யான் முன்னர் எழுதிய கட்டுரையில்' என்பது போன்ற தொடர்களும், கோப்பின் உள்ளே கணிப்பொறி தானே பதிந்து வைத்திருக்கும் பெயரும் நீக்கப்பெறல் வேண்டும். சொல்லெண்ணிக்கை அடிக்குறிப்புகளையும் உள்ளடக்கியதா என்பதை இதழின் நெறிகளிற் பார்த்துக்கொள்க. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒருபொழுதில் ஓரிதழுக்கே விடுத்தல் முறை. அமெரிக்காவில், மாணவர் நடத்தும் இதழ்கள் பலவற்றிற்கும் ஒருசேர விடுக்கும் வழக்கமுண்டு. அவ்வழக்கத்தை இங்குக் கொணர்ந்தவர் இரண்டு இதழ்களின் கதவையும் ஒருசேர இழப்பார்.

தமிழில் சட்டக் கட்டுரை எழுதுவோர்க்கு மேலும் ஒரு பொறுப்புண்டு. 1862-ஆம் ஆண்டிலேயே மாயூரம் வேதநாயகனார், 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்திலிருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். பெயர் வடமொழியாயினும் பணி தமிழ்ப்பணியே. அன்று அவர் எதிர்கொண்ட இடர் இன்றும் நீங்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பால் உச்ச முறைமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருக்கின்றது. அம்மன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் 2019 முதல் வெளிவரினும், மாறுபாடு நேருமிடத்து ஆங்கில மூலமே செல்லும். ஆகலின், தமிழ்க் கட்டுரையில் ஆளப்பெறும் மேற்கோள் மன்றத்தின் தமிழாக்கமா, கட்டுரையாளர் தாமே பெயர்த்ததா என்பதை அடிக்குறிப்பு கூறல் வேண்டும். தாமே பெயர்த்ததாயின், கருத்துக்கு அச்சாணியான தொடரின் மூலத்தை அங்கேயே தருதல் வேண்டும்.

கலைச்சொற்களிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு மன்றம் தான் அளித்த தீர்ப்பைத் தானே திரும்பப் பார்ப்பது ஒன்று. கீழ்மன்றத்தின் தீர்ப்பை மேல்மன்றம் எடுத்து ஆராய்வது மற்றொன்று. இரண்டற்கும் 'சீராய்வு' என்னும் ஒரே சொல்லை நாளிதழ்கள் ஆள்கின்றன. நாளிதழில் அது பொறுக்கப்படலாம். சட்ட ஆய்விதழிலோ, முதலதை மறுஆய்வு என்றும் இரண்டாவதைச் சீராய்வு என்றும் முதற்பக்கத்திலேயே வரையறுத்து, அடிக்குறிப்பில் அவ்வரையறையைப் பதிந்து, கடைசிப் பக்கம்வரை அச்சொற்களை மாற்றாது ஆளல் வேண்டும். மெய்ப்புத் தாள் வந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியவையும் இவ்விரு சொற்கள் போன்றவையே. பிறர் நடையைச் 'செம்மை' செய்யும் ஆர்வத்தில் அச்சுக்கோப்பவரும் மெய்ப்புநோக்குவாரும் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுவது இவற்றைத்தான்.